நான்கு நகல்களுடன் ஒரு விடுப்புக் கடிதம்

அனுப்புநர்:
து. மணவாளன், வயது 44,
த/பெ. துலுக்கானம்,
வேன் ஓட்டுநர்,
எண் 17, கெங்கையம்மன் கோயில் பழைய தெரு,
சென்னீர்குப்பம், சென்னை – 600 056.

பெறுநர்:
உயர்திரு வட்டாரக் கல்வி அலுவலர் அவர்கள்,
வட்டாரக் கல்வி அலுவலகம்.

பொருள்: எட்டாம் வகுப்பு மாணவி ம. தேவிப்பிரியாவின் பெயர் பள்ளி வருகைப் பட்டியலிலிருந்து நீங்கியது – அதற்குக் காரணமான நபர் மீது புகார் – 14.11.2025 அன்றைய கல்விச் சுற்றுலாவுக்கு முன் பெயரைத் திரும்பச் சேர்க்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது விடுப்புக் கடிதம், நாள் 08.10.2025 (இரண்டரைப் பக்கம்).
2. மேற்படி கடிதத்தின் நான்கு நகல்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது என்னுடைய நாற்பத்திரண்டாவது மனு. முந்தைய நாற்பத்தொன்றிலும் தவறு செய்தவர் வேறொருவர். இதில் அப்படி இல்லை என்பதால் எழுதுவதற்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. எனினும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. நான் சென்னீர்குப்பத்திலேயே பிறந்து வளர்ந்து, அங்கேயே வேன் ஓட்டிப் பிழைப்பவன். எங்கள் குடும்ப நிலத்தில் முன்பு நெல் விளைந்தது. இப்போது பதினான்கு மாடிக் குடியிருப்பு விளைந்திருக்கிறது. அதில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை, என் வேனில் ஏறுகிறவர்கள் எல்லாம் அந்த மாடிகளில்தான் இருக்கிறார்கள். தெருவிளக்கு, மழைநீர்க் கால்வாய், கூரையில்லாத பேருந்து நிறுத்தம், நிறுத்தமில்லாத கூரை என்று பதினான்கு ஆண்டுகளாகப் பல்வேறு துறைகளுக்கு மனு எழுதி வருகிறேன். பலன் கிடைத்தது ஒன்றுக்கு மட்டும். தெருவிளக்கு வந்தது, அடுத்த தெருவுக்கு. ஊரில் என்னை மனு மணவாளன் என்பார்கள். அதில் எனக்குக் குறையில்லை. என் மனைவி பேபிக்கு உண்டு. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, ஆறாம் பத்தியில் வரும் குற்றத்துக்கு இது தேவைப்படுகிறது.

2. மேற்படி குடியிருப்பின் ஒன்பதாவது மாடியில் திருமதி ஸ்வாதி, அவர் கணவர் திரு. ஜெகதீஷ் இருவரும் வசிக்கிறார்கள். ஊர் கரூர்ப் பக்கம். இருவருக்கும் கணினி வேலை. அவர்களுடைய மகள் பவ்யாவுக்குப் பத்து வயது. போன ஆண்டுவரை அவளைத் தனியார் பள்ளி ஒன்றுக்கு என் வேனில்தான் ஏற்றிச் சென்றேன். வாரத்துக்கு மூன்று தேர்வு வைக்கும் பள்ளி அது. தேர்வு நாளில் குமணன்சாவடி சிக்னலில் வண்டி நின்றதும் அந்தக் குழந்தை வாந்தி எடுக்கும். முதலில் என் வண்டி ஓட்டும் விதம்தான் காரணம் என்று நினைத்து மெதுவாக ஓட்டினேன். மற்ற பெற்றோர் தாமதம் என்று புகார் சொன்னார்கள். பிறகுதான் தேர்வு இல்லாத சனிக்கிழமைகளில் அதே சிக்னலில், அதே வண்டியில், குழந்தை பாட்டுப் பாடிக்கொண்டு போவதைக் கவனித்து அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் கோடை விடுமுறையில் வேலையை விட்டார், குழந்தையைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார், வீட்டிலேயே பாடம் சொல்லத் தொடங்கினார். ஊரில் இதைப் பணக்காரத் திமிர் என்றார்கள். வாந்தியைக் கழுவியவன் நான் என்பதால் நான் அப்படிச் சொல்லவில்லை.

3. மேலும் மூன்று குடும்பங்கள் சேர்ந்து பிள்ளைகள் ஏழு பேர் ஆனார்கள். காலையில் கணக்கும் மொழியும் வீட்டில், அவ்வப்போது ஒரு நாள் பண்பாட்டுக் களப் பயணம் என்பது ஏற்பாடு. வாகனம் என்னுடையது. முதல் பயணம் ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, மாங்காடு கோயிலுக்கு. ஸ்வாதி அம்மா பன்னிரண்டு பக்கத்துக்கு வினாத்தாள் அச்சடித்து, ஆளுக்கொரு அட்டையில் கிளிப் போட்டுக் கொடுத்திருந்தார். "இக்கோயிலில் நீ கண்ட ஐந்து பண்பாட்டுக் கூறுகளை எழுதுக" என்பது முதல் வினா. ஒன்பது வயதுப் பையன் நிர்மல் எழுதிய விடை வருமாறு: செருப்பு, செருப்பு டோக்கன், கூட்டம், மறுபடியும் கூட்டம், ஐஸ்கிரீம் வண்டி (வெளியே). அன்று பள்ளி விடுமுறை என்பதால் என் மகள் தேவிப்பிரியாவும் வண்டியில் வந்திருந்தாள். அவள் அந்த விடையைப் படித்துவிட்டு, இதெல்லாம் சரிதானே என்றாள். பிறகு ஏழு பேரையும் செருப்பு வைக்கும் இடத்துக்கே திரும்ப அழைத்துப் போனாள். அங்கே உட்கார்ந்திருந்த அக்கா, டோக்கனைப் பார்க்காமலேயே ஆளைப் பார்த்து ஜோடி எடுத்துக் கொடுப்பதைக் காட்டினாள். யார் என்ன வேண்டிக்கொண்டு வந்தார்கள் என்பதையும் அந்த அக்கா சொல்வாள் என்றாள். அந்த அக்காவும் சொன்னாள். பிள்ளைகள் முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றார்கள். சாமி பார்த்தது பத்து நிமிடம்.

4. அன்றிலிருந்து தேவிப்பிரியா இல்லாமல் வண்டி ஏறமாட்டோம் என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். ஸ்வாதி அம்மா அவளுக்குக் கழுத்தில் மாட்டும் அடையாள அட்டை ஒன்று செய்து தந்தார். அதில் "களப் பயண ஒருங்கிணைப்பாளர்" என்று போட்டிருந்தது. என் மகள் அதை மாட்டிக்கொண்டு தூங்கினாள். எனக்கும் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை இங்கே குறிப்பிட்டே ஆகவேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த அத்தனைக்கும் அதுவே தொடக்கம். ஆடி மாத ஞாயிறு ஒன்றில் எங்கள் கெங்கையம்மன் கோயிலில் கூழ் ஊற்றினோம். குடியிருப்புப் பிள்ளைகள் சொம்போடு வரிசையில் நின்றார்கள். வரிசையில் நின்று வாங்குவதுதான் முறை என்றும், முன்னால் போய் வாங்கித் தரமாட்டேன் என்றும் என் மகள் சொல்லிவிட்டாள். திரு. ஜெகதீஷ் அவர்கள் கூழுக்கு எந்தத் தண்ணீர் ஊற்றியது என்று என்னிடம் தனியாக விசாரித்தார். கேன் தண்ணீர் என்றேன். அவரும் இரண்டு சொம்பு குடித்தார்.

5. செப்டம்பர் தொடக்கத்தில் என் பெரியப்பா பச்சையப்பன் காலமானார். அன்று அருங்காட்சியகம் போவதாகத் திட்டம். எங்க ஊட்ல சாவு, வர முடியாது என்று மகள் போனில் சொல்லிவிட்டாள். சற்று நேரம் கழித்து ஸ்வாதி அம்மா என்னை அழைத்து, தவறாக நினைக்காவிட்டால் பிள்ளைகளைக் கூட்டி வரலாமா, வினாத்தாள் கொண்டுவரமாட்டோம் என்று கேட்டார். சாவுக்கு வருகிறவர்களை வராதே என்று சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. வந்தார்கள். ஏழு பேரும் ஏழு தொப்பியோடு வாசலில் வந்து நின்றதைப் பார்த்து, மேளக்காரர்கள் ஒரு நொடி நிறுத்திவிட்டு மறுபடி அடித்தார்கள். தொப்பியைக் கழற்றுங்கள் என்று என் மகள் சொன்னாள், கழற்றினார்கள். கானா பாடினவரிடம் நிர்மல் அடுத்த பாட்டு எப்போது என்று கேட்டான். அதைத் தவிர யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பவ்யா மட்டும் பெரியம்மா கன்னியம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். காலையிலிருந்து அங்கே வந்த எல்லோரும் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. குழந்தை கேட்டுப் பழகிக் கேட்டிருக்கிறது. காலையிலிருந்து யார் கெஞ்சியும் வாயைத் திறக்காத பெரியம்மா, அந்தக் குழந்தை கையிலிருந்த டம்ளரை வாங்கிக் காப்பி குடித்தார். வீட்டுவழிக் கல்வியைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுதச் சொன்னால் நான் இதை எழுதுவேன். சிக்னலில் வாந்தி எடுத்த குழந்தை அது.

6. இனி குற்றம். விடுமுறை நாள்களில் போன பயணங்களால் தொல்லை ஏதுமில்லை. ஆனால் கோயில்களில் கூட்டம் குறைவு என்று பயணத்தை வியாழக்கிழமைக்கு மாற்றினார்கள். நான்கு வியாழக்கிழமைகள் என் மகள் பள்ளிக்குப் போகாமல் களப் பயணம் நடத்தப் போனாள். நான்கு முறையும் காய்ச்சல் என்று நானே விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். வகுப்பாசிரியர் திரு. பால்ராஜ் அவர்கள் பொறுப்பானவர். வியாழன்தோறும் வந்து வெள்ளியன்று விட்டுப்போகும் காய்ச்சலை அவர் இதற்குமுன் கண்டதில்லை. டெங்குவோ என்று பயந்து, மாணவியைத் தாமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று இரத்தப் பரிசோதனை செய்வித்தார். ஒன்றும் இல்லை என்று வந்தது. அவர் நிம்மதியாகிப் பள்ளியில் எல்லோருக்கும் சொன்னார். மகள் வீட்டுக்கு வந்து கையைக் காட்டி, "பொய் நீ எழுதுற, ஊசி எனக்குக் குத்துறாங்க. இனிமே உண்மைய எழுதுப்பா" என்றாள். நியாயம்தான் என்று பட்டது. 08.10.2025 அன்று தலைமையாசிரியைக்கு உண்மையை எழுத உட்கார்ந்தேன்.

ஐயா, வேறு எந்தத் தகப்பனாக இருந்தாலும் மூன்று வரியில் முடித்திருப்பான். எனக்கு மூன்று வரியில் எழுத வராது. பொருள், பார்வை, வரிசை எண்ணிட்ட பத்திகள் எல்லாம் போட்டு இரண்டரைப் பக்கம் எழுதினேன். என் மகள் வீட்டுவழிக் கல்வி அமைப்பு ஒன்றில் களப் பயண ஒருங்கிணைப்பாளராகப் பணியாற்றி வருகிறாள் என்றும், வியாழக்கிழமைகளில் அவளுடைய சேவை அங்கே இன்றியமையாதது என்றும், இதன்பேரில் தாமதமின்றி நடவடிக்கை எடுக்குமாறும் எழுதினேன். எழுதி முடித்ததும் கை தன்னால் கீழே இறங்கி "நகல்" என்று போட்டுவிட்டது. நகல் போடாத மனுவை யாரும் மதிப்பதில்லை என்பது என் பதினான்கு ஆண்டு அனுபவம். அதன்படி நான்கு மேல் அலுவலகங்களுக்கு நான்கு நகல்களை விரைவுத் தபாலில் அனுப்பினேன். தபால் ரசீதைப் பார்த்துவிட்டு என் மனைவி, "இன்னா நீ, லீவு லெட்டருக்குக் கூடவா காப்பி போடுவ?" என்று கேட்டாள். அதற்கு நான் அவளுக்கு நிர்வாகம் என்றால் என்ன என்று விளக்கினேன். எனவே இம்மனுவில் எதிர்மனுதாரர் யார் என்ற கேள்விக்குப் பதில்: து. மணவாளன், வயது 44, முகவரி மேற்படியே.

7. நாற்பத்தொரு மனுவுக்கு வராத நடவடிக்கை இந்தக் கடிதத்துக்கு ஆறே நாளில் வந்தது. நான்கு நகல்களில் மூன்று வழக்கம்போல் அப்படியே கிடந்திருக்க வேண்டும். ஒன்றை யாரோ படித்துவிட்டார்கள். எந்த அலுவலகம் என்று நான் விசாரிக்கவில்லை, தங்களுடையதாக இருந்தால் படித்ததற்கு நன்றி. 14.10.2025 காலை தலைமையாசிரியைக்குத் தொலைபேசி வந்தது. பதின்மூன்று வயதுப் பெண் எங்கோ பணியாற்றுகிறாளாமே, இது குழந்தைத் தொழிலாளர் விவகாரமா, அல்லது பள்ளியை விட்டு நின்ற விவகாரமா, இரண்டில் ஒன்றை மாலைக்குள் தெரிவிக்கவும் என்றார்களாம். தலைமையாசிரியை நல்லவர், பள்ளியின் பெயரையும் அவர் பெயரையும் அதனால்தான் நான் இதில் எழுதவில்லை. முதலாவதைத் தெரிவித்தால் என் மீதும் ஸ்வாதி அம்மா மீதும் வழக்கு வரும். என்னைக் காப்பாற்ற அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். எமிஸ் என்னும் மாணவர் பதிவுத் தளத்தில் என் மகளுக்கு நேராக "வீட்டுவழிக் கல்விக்கு மாறினார்" என்று பதிந்து, காமன் பூலுக்கு அனுப்பிவிட்டார். ஒரு பள்ளியை விட்டு நீங்கி இன்னொரு பள்ளியில் சேராத பிள்ளைகளின் பெயர்கள் கிடக்கும் இடம் அது. மாங்காட்டில் டோக்கன் வாங்காமல் விட்ட செருப்பு மாதிரி என்று எனக்குப் புரியும்படி அவரே சொன்னார். மாணவி அன்றும் வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தாள். 09.10.2025 வியாழக்கிழமைகூட அவள் விடுப்பு எடுக்கவில்லை என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். கடிதத்தைப் படித்து முடித்த பிறகு சொல்கிறேன் என்று தலைமையாசிரியை சொன்னதால் பயணமே ரத்தாயிற்று.

8. பெயரைத் திரும்ப எடுக்கச் சென்ற அலுவலகத்தில், மாணவி கடைசியாகப் பயின்ற இடத்திலிருந்து மாற்றுச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். கடைசியாகப் பயின்றது இதே பள்ளியில்தான் என்றேன். பதிவின்படி வீட்டில் என்றார்கள். வீட்டிலிருந்து வாங்கி வரச் சொன்னார்கள். ஸ்வாதி அம்மாவிடம் சொன்னேன். அவர் அன்றே ஒரு சான்றிதழ் தயாரித்தார். மரம், சூரியன், கையைக் கோத்த பிள்ளைகள் எல்லாம் போட்ட முத்திரையோடு, நடத்தை "மிக நன்று" என்று அழகாக வந்தது. அங்கீகார எண் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். இவள் எங்களிடம் படிக்கவே இல்லை, பாடம் நடத்தினாள் என்று ஸ்வாதி அம்மா இன்னொரு கடிதம் எழுத முன்வந்தார். அதைக் கொடுத்தால் விவகாரம் குழந்தைத் தொழிலாளர் என்ற முதலாவதுக்கே திரும்பிவிடும் என்று நான் வாங்கவில்லை.

9. கடைசியில் ஸ்வாதி அம்மா எங்கள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்து, இதற்கெல்லாம் காரணம் நான்தான் மணவாளன் அண்ணா என்று கண் கலங்கினார். இனி தேவிப்பிரியா தங்களோடேயே படிக்கட்டும், பவ்யாவுக்குச் சொல்லித்தருவதையெல்லாம் இவளுக்கும் சொல்லித்தருகிறேன், பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம் என்றார். உண்மையான மனதோடு சொன்னார். நானும் பேபியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். குடியிருப்புப் பிள்ளைகளோடு, குளிர்பதன அறையில், ஆங்கிலத்தில் நம் பெண் படிப்பாள் என்று ஒரு நிமிடம் எனக்கு ஆசை வந்தது. வந்ததை மறைக்கவில்லை. அப்போது மகள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எனக்கு என் ஸ்கூல்தான் வேணும்க்கா. அங்கதான் என் பேரு கீது." பேரும் இப்போது அங்கே இல்லை என்பதை யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்லவில்லை. அவளுக்கே தெரியும்.

10. அவள் தினமும் சீருடை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள். உட்கார அனுமதிக்கிறார்கள், சாப்பாடும் போடுகிறார்கள், வீட்டுப்பாடமும் தருகிறார்கள். வருகை மட்டும் இல்லை. வருகை எடுப்பது கைபேசிச் செயலியில், அதில் அவள் பெயர் வராது. மழைக்காக விடுமுறை விட்ட நாள் ஒன்றில் மட்டும் அவள் மற்ற பிள்ளைகளுக்குச் சமமாக இருந்தாள். இதனிடையே பள்ளியில் எட்டாம் வகுப்பை 14.11.2025 அன்று மாமல்லபுரம் அழைத்துச் செல்ல ஏற்பாடு நடக்கிறது. அந்தப் பள்ளி வெளியூர் சுற்றுலா போவது என் மகள் சேர்ந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. பட்டியல் எமிஸ் பதிவிலிருந்து எடுக்கப்படும், பதிவில் இல்லாத பிள்ளையை ஏற்றிச் சென்று வழியில் ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று தலைமையாசிரியை கேட்டார். வேன் ஓட்டுநரான எனக்கு அதில் மறுப்பில்லை. மகளிடம், நீதான் ஒன்பது பயணம் போய் வந்திருக்கிறாயே, வேண்டுமானால் நானே உன்னை மாமல்லபுரம் கூட்டிப்போகிறேன் என்றேன். அவள், அந்த ஒன்பதிலும் தான் வேடிக்கை பார்க்கவே இல்லை என்றும், ஏழு பேரை எண்ணிக்கொண்டே இருந்ததாகவும் சொன்னாள். ஒரு தடவையாவது வேறு யாராவது தன்னை எண்ணட்டும் என்றாள்.

11. பின்வருவதை என் மகள் என்னிடம் சொல்லவில்லை. பக்கத்தில் உட்காரும் தீபிகாவின் தாயார் பானுப்பிரியா, குழாயடியில் என் மனைவியிடம் சொன்னது. வரிசையில் தீபிகா பதினொன்று, என் மகள் பன்னிரண்டு. இப்போது செயலியில் தீபிகாவுக்கு அடுத்து நேராக நந்தினி வந்துவிடுகிறாள். ஆனால் திரு. பால்ராஜ் அவர்கள் தீபிகாவைக் கூப்பிட்டதும் உடனே நந்தினியைக் கூப்பிடுவதில்லையாம். கைபேசியைப் பார்த்தபடி சற்று நிறுத்துகிறாராம். அந்த நேரத்தில் என் மகள் எழுந்து நின்று, "உள்ளேன் ஐயா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்கிறாளாம். அவர் நிமிர்ந்து பார்ப்பதில்லையாம். அவள் சொல்லி முடிக்கும்வரை அடுத்த பெயருக்கும் போவதில்லையாம். தினமும் இப்படி நடக்கிறதாம். இதைக் கேட்டு நான் வேனுக்குள் போய் உட்கார்ந்து அழுதேன். மனுவில் இப்படியெல்லாம் எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. ஆனால் பதிவு செய்யப்படாத வருகைக்கு வேறு ஆதாரம் என்னிடம் கிடையாது.

12. ஆகவே தங்களிடம் நான் கேட்பது:

(அ) மாணவி ம. தேவிப்பிரியா ஒரு நாளும் பள்ளியை விட்டு நின்றதில்லை, நான்கு வியாழக்கிழமைகளில் அவளுக்குக் காய்ச்சலும் இல்லை என்பதை அவளுடைய தகப்பனின் எழுத்துமூல ஒப்புதலாக ஏற்றுக்கொள்ள வேண்டும்.

(ஆ) வீட்டிலிருந்து மாற்றுச் சான்றிதழ் கேட்காமல், அவள் பெயரை அதே பள்ளியில், அதே வகுப்பில், முடிந்தால் அதே பன்னிரண்டாம் எண்ணில், 14.11.2025க்கு முன் சேர்க்க உத்தரவிட வேண்டும்.

(இ) தலைமையாசிரியை, வகுப்பாசிரியர், திருமதி ஸ்வாதி ஆகிய மூவர் மீதும் நடவடிக்கை எதுவும் வேண்டாம். பவ்யா முதலிய ஏழு பிள்ளைகளும் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பயணம் போகிறார்கள், அவர்களையும் யாரும் தொந்தரவு செய்ய வேண்டாம். அந்தக் குழந்தை சிக்னலில் இப்போது வாந்தி எடுப்பதில்லை.

(ஈ) எதிர்மனுதாரர் து. மணவாளன் மீது தாங்கள் எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் அவர் கட்டுப்படுவார். இனி விடுப்புக் கடிதங்களை அவர் மனைவி எழுதுவார் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது.

இதைத் தாங்கள் படிப்பதற்குள் பட்டியல் மூடிவிடுமோ என்ற பயத்தில், தபாலில் போடாமல் நேரில் கொண்டுவந்து, தங்கள் அறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். மகளும் கூட வருகிறேன் என்றாள். முதல் பாடவேளைக்குள் வகுப்பில் இருக்க வேண்டும் என்பதால் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு வந்தேன். தாங்கள் படித்து இந்தப் பக்கத்துக்கு வரும் நேரம் ஏறக்குறைய அங்கே வருகை எடுக்கும் நேரமாக இருக்கும். ஒரு தொலைபேசி அழைப்பில் போன பெயர் அது. இன்னொரு அழைப்பில் வந்துவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறேன். நாளைக் காலை தீபிகாவுக்கு அடுத்து திரு. பால்ராஜ் அவர்கள் அவள் பெயரைச் சத்தமாகக் கூப்பிட வேண்டும். அவளும் சத்தமாகப் பதில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசலில் காத்திருக்கும்,

(ஒப்பம்) து. மணவாளன்

நாள்: 03.11.2025, திங்கட்கிழமை
இடம்: சென்னீர்குப்பம்

இணைப்பு:
1. காய்ச்சல் விடுப்புக் கடிதங்கள் – 4 (பொய்).
2. இரத்தப் பரிசோதனை முடிவு – 1 (உண்மை).
3. அடையாள அட்டை – 1. மகள் தானே கழற்றிக் கொடுத்தது. திருப்பித் தர வேண்டியதில்லை என்று சொல்லச் சொன்னாள்.

நகல்: யாருக்கும் இல்லை.